லீவரை விடாத கை

கிரேன் ஓட்டுகிறவனுக்கே பயம் என்றால் கேட்கிறவன் வாயால் சிரிக்கமாட்டான். அதனால் யாரிடமும் மூச்சுவிடவில்லை. போன மாதம் அடித்த காற்றில் உச்சிக் கேபின் ஒரு ஆட்டம் ஆடியது. அன்றிலிருந்து மேலே ஏறினாலே நெஞ்சு திக்திக்கென்று அடிக்கிறது, உள்ளங்கை வேர்க்கிறது.

கீழே நின்று வாக்கி டாக்கியில் எனக்கு வழி சொல்பவன் என் மனைவியின் தம்பி. தூக்கம் கெட்டுத் திண்டாடியவன், தியான வகுப்பில் சேர்ந்தான். சாப்பாட்டு நேரத்தில் படிக்கட்டுக்கு அடியில் கண்ணை மூடி உட்கார்ந்துவிடுவான். நான் விடுவேனா?

“என்ன சாமியாரே, சொர்க்கம் தெரியுதா?”

“சொர்க்கமெல்லாம் தெரியல மாமா, தூக்கம் வருது. நீங்களும் ஒக்காந்து பாருங்க. மூஞ்சி பேயறஞ்ச மாதிரி இருக்கு.”

“போடா! மூச்சு விடறதுக்கு ஒரு வகுப்பு, அதுக்கு ஒரு வாத்தியாரு!”

அன்று லிஃப்ட் வரப்போகும் குழிக்குள் இரும்புக் கம்பிக்கட்டு ஒன்றை இறக்கிக்கொண்டிருந்தேன். அவன் குழியின் அடியில் நின்று வழி சொன்னான். பாதி இறங்கியபோது காற்று ஒரு தள்ளு தள்ளியது. அவ்வளவுதான், கண் இருட்டிக்கொண்டு வந்தது. லீவரை விட்டால் கிரேன் தானாக நின்றுவிடும். என் கையோ அதை இறுகப் பிடித்து முன்னால் தள்ளிக்கொண்டிருந்தது. விரல் என் பேச்சைக் கேட்கவில்லை. கட்டு இறங்கிக்கொண்டே இருந்தது.

இடது கையால் வாக்கி டாக்கியை எடுத்து, “ஓடுடா!” என்று கத்தினேன். அவனுக்குப் போய்ச் சேரவில்லை. அவன் பேசும் பட்டனை அமுக்கியபடி இருந்தான். அப்படி இருந்தால் நான் பேசுவது அவனுக்குக் கேட்காது. பாவி, பட்டனை விடுடா! ஐயோ, இவன் அக்காவுக்கு நான் என்ன பதில் சொல்வேன்?

அவன் குரல் மட்டும் வந்தது.

“மூச்சப் பாரு... உள்ள போகுது... வெளிய வருது... அதை மட்டும் பாரு...”

வேறு வழி? பார்த்தேன். உள்ளே போனது. வெளியே வந்தது. பயம் எங்கும் போகவில்லை, அது பாட்டுக்கு அங்கேயே இருந்தது. ஆனால் சுண்டுவிரல் தளர்ந்தது. பிறகு மற்ற விரல்கள். லீவர் நடுவுக்கு வந்தது, கட்டு நின்றது.

ஏணியில் எப்படி இறங்கினேனோ, தெரியாது. அதற்குள் ஆட்கள் அவனை மேலே தூக்கியிருந்தார்கள். குழியின் தரையில் கட்டியிருந்த கம்பிகளுக்கிடையில் கால் மாட்டி, நகர முடியாமல் நின்றிருக்கிறான். கட்டு அவன் தலைக்கு மேல் ஒரு முழத்தில் நின்றிருக்கிறது. அவன் முகத்தில் ஈயாடவில்லை.

“நீ மட்டும் மூச்சப் பாருன்னு சொல்லலன்னா...” என்றேன்.

அவன் திருதிருவென விழித்தான். “உங்ககிட்ட நான் எங்க மாமா பேசினேன்? பயத்துல எனக்கு நானே சொல்லிக்கிட்டேன்.”

அவன் கட்டைவிரல் இன்னமும் அந்தப் பட்டனை அமுக்கிக்கொண்டிருந்தது. எல்லோரும் பார்க்க அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அந்த விரலைப் பிடித்தேன்.

“எனக்கும் பயம்தான்டா மாப்ள, ஒரு மாசமா. விரலை விடு. மூச்சப் பாரு.”