பொது ஃபைலைப் பிரித்தவள்

1

இந்தக் கதை என் சொந்தச் சரக்கு இல்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என் மனைவி சுகுணாவிடமிருந்து எடுத்தது. எடுத்தது என்று கௌரவமாகச் சொல்கிறேன். அவள் போனில் பேசியதைக் கடையிலிருந்து ஒட்டுக்கேட்டேன் என்பதுதான் உண்மை. இலுப்பூரில் எங்கள் வீட்டின் முன்பகுதி உரக்கடை. மத்தியானம் ஆள் வராத நேரத்தில் நான் கதை எழுதுகிறேன். யூரியா மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து எழுதுகிறவனிடம் என்ன எதிர்பார்க்கலாமோ அதை மட்டும் எதிர்பாருங்கள்.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

'சுகுணா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பதினான்கு மாத உழைப்பு அந்தத் திரையில்—'

திரையில் என்ன? மின்னியதா, ததும்பியதா? அடித்துவிட்டேன். கம்ப்யூட்டரில் வேலை செய்கிறவர்களைப் பற்றி எழுத உட்கார்ந்தால் வருகிற முதல் கஷ்டம் இது. நாற்று நடுகிறவரை எழுதினால் குனிய வைக்கலாம், நிமிர வைக்கலாம். இவளோ காலையிலிருந்து ஒரே நாற்காலியில் இருக்கிறாள். நடுவில் இரண்டு தடவை, "குக்கர் எத்தன விசில் விட்டுச்சுங்க?" என்று உள்ளேயிருந்து கேட்பாள். நான் எண்ணியிருக்க மாட்டேன். இதில் எங்கே போய்ச் சம்பவத்தைத் தேடுவது?

2

வேலை என்னவென்று சொல்லாமல் கதை நகராது. அவசரக்காரர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சின்னச் சின்னக் கருவிகளுக்குள் ஓடுகிற மென்பொருள் ஒன்று இருக்கிறது. பெயர் வேண்டாம். யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம், யார் வேண்டுமானாலும் திருத்தம் அனுப்பலாம். பல தேசத்து ஆட்கள் சேர்ந்து எழுதுவது, முப்பதாயிரம் ஃபைல்கள். ஒவ்வொரு ஃபைலும், 'எனக்கு வேண்டிய பெயர்கள் இந்த ஹெட்டரில் இருக்கின்றன' என்று தன் தலையில் எழுதிக்கொண்டுதான் வேலையைத் தொடங்கும். ஹெட்டர் என்பது ரேஷன் கார்டு மாதிரி. வீட்டில் யார் யார் என்று பெயர் இருக்கும், அவர்கள் என்ன செய்கிறார்கள் என்பது இருக்காது.

இருபது வருஷமாக எல்லோரும் ஒரே ஹெட்டரில் பெயர்களைச் சேர்த்துக்கொண்டே போயிருக்கிறார்கள். சுகுணா அதைப் பொது ஃபைல் என்பாள். அதில் ஒரு எழுத்தை மாற்றினாலும் முப்பதாயிரத்தையும் மறுபடி கம்பைல் செய்ய வேண்டும், அதாவது கருவிக்குப் புரிகிற பாஷைக்கு மாற்ற வேண்டும். மூன்று மணி நேரம் ஆகும். அதை நாற்பத்தொரு சின்ன ஹெட்டர்களாகப் பிரிப்பதுதான் அவள் இழுத்துப் போட்டுக்கொண்ட வேலை. சம்பளத்துக்கு வேறு கம்பெனி வேலை பார்க்கிறாள். இது அதற்கு மேல்.

"ஏன் நீ?" என்று ஒரு தடவை கேட்டேன்.

"இருவது வருசமா அப்புடியே கெடக்கு. யாராச்சும் செய்யணும்ல."

(இந்தப் பகுதியைப் படித்துவிட்டு, "ரேஷன் கார்டெல்லாம் எதுக்குங்க, சும்மா இருக்குறத சொல்லுங்க" என்றாள். இருக்கிறதைச் சொன்னால் யாருக்கும் புரியாது என்றேன். "ஒங்களுக்குப் புரியலன்னு சொல்லுங்க" என்றாள். ரேஷன் கார்டை விட்டுவைத்திருக்கிறேன். இது என் கதை.)

பிரித்து முடித்துவிட்டாள். சோதனைக்கு எடுத்துப் போடுகிறவர்களுக்குப் புதிய பதிப்பு ஏற்கெனவே கிடைக்கிறது, ஞாயிற்றுக்கிழமை அது அதிகாரபூர்வமாக வெளியாக வேண்டும். வெளியானால், அந்தப் பகுதி முழுவதற்கும் பொறுப்பாளராக அவளைப் போடுவதாக, இந்தத் திட்டத்தை நடத்துகிற பெரியவர்கள் எழுதியிருந்தார்கள். அந்த மெயிலை எனக்கு இரண்டு தடவை படித்துக் காட்டினாள். சுகுணா எதையும் இரண்டாம் தடவை சொல்லுகிறவள் இல்லை.

3

இனி சவரியப்பன் வருகிறார். கட்டுமாவடியில் படகு எஞ்சின், வயர்லெஸ், செல்போன் எல்லாம் பழுது பார்க்கிறவர். நாலு வருஷத்துக்கு முன் புதுக்கோட்டையில் சுகுணா இரண்டு நாள் வகுப்பு எடுத்தபோது, முன்வரிசையில் உட்கார்ந்து எல்லோரையும்விட அதிகமாகக் கேள்வி கேட்டவர். போய் ஒரு மாதத்தில் படகுகளுக்கு ஒரு பெட்டி செய்துவிட்டார். கடல் எல்லை நெருங்கினால் கீ கீ என்று கத்தும். பன்னிரண்டு படகில் இருக்கிறது. உள்ளே ஓடுவது இந்த மென்பொருள்தான். மேலே அவர் எழுதிய ஃபைல்கள் கொஞ்சம். அவற்றை அவர் திட்டத்துக்கு அனுப்பவில்லை, தன்னிடமே வைத்துக்கொண்டார்.

அங்கேதான் சிக்கல். இந்தத் திட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. உள்ளே இருக்கிற ஃபைல்களுக்கு மட்டும்தான் எல்லோரும் பொறுப்பு. ஒன்றை மாற்றினால் உள்ளே எது உடைந்தாலும் மாற்றியவரே சரி செய்ய வேண்டும். வெளியே இருப்பவை எக்கேடு கெட்டாலும் யாரும் கேட்க மாட்டார்கள். கேட்டாலும், 'உள்ளே கொண்டு வந்திருக்க வேண்டியதுதானே' என்பார்கள்.

போன திங்கட்கிழமை போன் வந்தது. நான் ஒட்டுக்கேட்டது இதுதான். சுகுணா ஸ்பீக்கரில் போட்டிருந்தாள்.

"தங்கச்சி, பெட்டி கத்தவே இல்லம்மா. என் தம்பி படகு எல்லைக்கிட்ட போயிருச்சு. பக்கத்துப் படகுக்காரன் பாத்துக் கூப்புட்டதால திரும்பிட்டாங்க. இல்லாட்டி நாலு பேரும் இந்நேரம் எங்கிட்டுக் கெடப்பாங்களோ."

"புதுசு எப்பண்ணே ஏத்துனீங்க?"

"போன வாரம். ஒரு எரர் வரல. சுத்தமா கம்பைல் ஆச்சு. அதான் நம்பி எல்லாப் பெட்டியிலயும் போட்டுட்டேன்."

சுகுணா அவருடைய ஃபைலை வாங்கிப் பார்த்தாள். கால் மணி நேரம் ஆனது. "அண்ணே, மணியோட பேரு வேற ஹெட்டருக்கு நகந்துருச்சு. மேல ஒரு வரி சேக்கணும். அனுப்பிட்டேன், பாருங்க" என்றாள். சற்று நேரத்தில் அந்தப் பக்கம் கீ கீ என்று கேட்டது. சவரியப்பன் சிரித்தார். பிறகு கோபம் வந்துவிட்டது.

"எவனோ ஒருத்தன் எங்கேயோ ஏசி ரூம்ல ஒக்காந்துக்கிட்டு இத நகட்டிட்டுப் போயிருக்கான். அவனுக்கு இங்கிட்டுப் படகு போகுதுன்னு தெரியுமா? கையில கெடச்சான்னா... நீ இருக்கப் போயித் தப்பிச்சோம், தங்கச்சி."

"சரிண்ணே" என்றாள் சுகுணா. "வச்சிரவா?"

4

நடந்தது என்ன என்பதை அவளிடம் மூன்று தடவை கேட்டு எழுதுகிறேன்.

இந்த மென்பொருள் ஓடுகிற எல்லாக் கருவியிலும் கீ கீ என்று கத்துகிற மணி இருக்காது. அதனால் சவரியப்பன், 'மணி என்ற பெயர் இருந்தால் அடி, இல்லாவிட்டால் மேலே போ' என்று எழுதியிருந்தார். எல்லோரும் எழுதுவது அப்படித்தான். அந்தப் பெயர் பொது ஃபைலில் இருந்தது. சுகுணா அதைச் சின்ன ஹெட்டர் ஒன்றுக்கு மாற்றினாள். திட்டத்தின் உள்ளே அது தேவைப்படும் ஃபைல்கள் அத்தனையின் தலையிலும் அந்த ஹெட்டரைச் சேர்த்தாள். சவரியப்பனுடையது உள்ளே இல்லையே. கம்பைலர் பெயர் இருக்கிறதா என்று பார்த்தது, இல்லை, மேலே போய்விட்டது. ஒரு பெயரைக் கூப்பிட்டு அது இல்லையென்றால் கம்பைலர் கத்தும். இருக்கிறதா என்று மட்டும் கேட்டால், இல்லை என்பதும் அதற்கு ஒரு சரியான பதில்தான்.

ஆக, அந்த எவனோ ஒருத்தன் என் வீட்டில்தான் இருக்கிறாள். ஏசி கிடையாது. டேபிள் ஃபேன்.

அன்றைக்கு நான் என்ன சொன்னேன் என்பதையும் எழுதிவிட வேண்டும். எழுதாமல் தப்பிக்கப் பார்த்தேன். "விடு சுகுணா, அவருக்குச் சரியாயிருச்சுல்ல? ஞாயித்துக்கெழம முடியட்டும்" என்றேன். அவள் பொறுப்பாளர் ஆவதைப் பற்றிக் கடைக்கு வந்த நாலு பேரிடம் ஏற்கெனவே சொல்லியிருந்தேன்.

"அவருக்குச் சரியாயிருச்சு. இவரு மாதிரி வெளிய எத்தன பேரு இருக்காங்களோ?" என்றாள். "அவங்களுக்கும் எரர் வராது. எல்லாம் நல்லா இருக்குன்னு நெனச்சுக்கிட்டு இருப்பாங்க."

அதைத் திட்டத்துக்கு எழுதினால் ஞாயிற்றுக்கிழமை வெளியீடு நிற்கும். அவளுடைய பதினான்கு மாத வேலையை மொத்தமாக எடுத்துவிட்டுப் பழைய பொது ஃபைலையே வைத்துக்கொள்வார்கள். பொறுப்பும் வேறு யாருக்காவது போகும். எழுதாவிட்டால் ஒருவரும் அவளைக் குற்றம் சொல்ல மாட்டார்கள். வழக்கம் அவள் பக்கம் இருக்கிறது.

5

முடிவுகளுக்கு வருகிறேன். மூன்று எழுதிப் பார்த்தேன்.

முதல் முடிவில் ஒன்றும் நடக்காது. ஞாயிறு வரும், சுகுணா பொறுப்பாளர் ஆவாள், சவரியப்பன் நன்றிக்குக் கடல் பண்டம் ஏதாவது அனுப்புவார். இதை எழுதிய மறுநாள் அறந்தாங்கி வழியாக வந்த பஸ்ஸில் நிஜமாகவே ஒரு பெட்டி நண்டு வந்து இறங்கியது. மேலே 'தங்கச்சிக்கு' என்று எழுதியிருந்தது. சுகுணா அதை அலசி, மிளகு அரைத்து, குழம்பு வைத்து எனக்குப் போட்டாள். தனக்குத் தயிர் ஊற்றிக்கொண்டாள். நான் சாப்பிட்டேன். நன்றாக இருந்தது என்று சொல்லவே எனக்கு வெட்கமாக இருக்கிறது. அந்த முடிவைக் கிழித்துவிட்டேன்.

அடுத்ததில் சவரியப்பன் தானே கண்டுபிடித்து, பஸ் ஏறி வந்து, கடை வாசலில் நின்று சத்தம் போடுவார். நல்ல காட்சி. வசனமெல்லாம் எழுதி வைத்திருந்தேன். சுகுணா படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"அவரு சத்தம் போட மாட்டாருங்க. பேசாம இருந்துருவாரு. கூட்டாளி ஒருத்தரு பொய் சொன்னாருன்னு ஆறு வருசமா அவருகூடப் பேசல. ரெண்டு பேருக்கும் ஒரே தெரு."

இது எனக்குத் தெரியாது. அதுவரை என் சவரியப்பன் சுத்தமான நல்ல மனுஷனாக இருந்தார். அவ்வளவு நல்லவர் கதைக்கு ஆக மாட்டாரே என்று சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன். இப்போது சந்தேகம் தீர்ந்தது, பயம் வந்துவிட்டது.

மூன்றாவதில், 'எனக்கு முன்னாடியே தெரியும், தங்கச்சி' என்று அவர் சொல்லி—

அடச்சீ.

6

வெள்ளிக்கிழமை, இதுவரை எழுதியதை முழுசாக அவளிடம் கொடுத்தேன். கடைக்கு வந்த ஒருவருக்குப் பொட்டாஷ் எடுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்பியபோது படித்து முடித்திருந்தாள்.

"இத அப்புடியே அவருக்கு அனுப்பிருங்க" என்றாள்.

"யாருக்கு?"

"சவரியண்ணனுக்கு. இதுல எல்லாம் இருக்குல்ல. படிச்சுத் தெரிஞ்சுக்குவாரு."

பொய் சொல்லவில்லை, ஒரு நிமிஷம் எனக்குப் பெருமையாக இருந்தது. என் கதை ஒன்று ஒருவருக்குப் பயன்படப் போகிறது என்றால் சும்மாவா? ஸ்கேன் செய்யப் போனைக்கூட எடுத்துவிட்டேன். பிறகு அவர் இதைப் படிக்கும் விதத்தை நினைத்துப் பார்த்தேன். 'மாப்ள நல்லாத்தான் எழுதுறாரு' என்பார். கதைதானே, நிஜமாக நடந்திருக்காது என்றும் நினைத்துக்கொள்ளலாம். அதற்கு வசதியாகத்தானே நான் கோமாளித்தனம் பண்ணிக்கொண்டு எழுதியிருக்கிறேன்.

"அனுப்ப மாட்டேன்" என்றேன்.

"ஏங்க?"

"நீ சொல்ல வேண்டியது, சுகுணா. நான் எழுதுனா அது எழுத்து. அதுக்கு அவரு ஒனக்குப் பதில் சொல்ல வேண்டியதில்ல."

கோபித்துக்கொண்டு உள்ளே போனாள். மின்விசிறி ஓடுகிற சத்தமும் கீபோர்டு தட்டுகிற சத்தமும் கேட்டன. அரை மணி நேரம் கழித்துக் கூப்பிட்டாள். இங்கிலீஷில் எழுதியிருந்ததை எனக்காகத் தமிழில் சொன்னாள்.

"நான் ஹெட்டரப் பிரிச்சதால வெளிய ஒருத்தரோட கருவியில எச்சரிக்கை மணி நின்னுபோச்சு. எந்த எரரும் வரல. நாலு பேரு உசுரோட இருக்குறது பக்கத்துப் படகுக்காரரு கண்ணால. இதே மாதிரி இன்னும் எத்தனன்னு எனக்குத் தெரியாது. வெளியீட்ட நிறுத்துங்க. தப்பு என்னோடது." நிமிர்ந்தாள். "சரியா இருக்கா?"

தலையை ஆட்டினேன். அனுப்பிவிட்டாள். பதினான்கு மாதம் அந்த ஒரு தட்டில் போனது. எனக்கு அழுகை வந்தது. அவளுக்கு வரவில்லை.

அப்புறம் சவரியப்பனுக்குப் போன் போட்டாள்.

7

"சொல்லு தங்கச்சி. நண்டு நல்லா இருந்துச்சா?"

"அண்ணே, எவனோ ஒருத்தன்னு திட்டுனீங்கள்ல. அது நான்தாண்ணே."

அந்தப் பக்கம் ஏதோ எஞ்சினைப் பழுது பார்க்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அது நின்றது.

"நான்தான் அந்த வரிய நகட்டுனேன். திங்கக்கெழம நீங்க கேட்டப்பவே தெரியும். சொல்லாம நன்றிய வாங்கிக்கிட்டேன்." மூச்சு வாங்கினாள். "இன்னொன்னும் இருக்குண்ணே. அன்னைக்கி வகுப்புல, எதெது வேணும்னு தனித்தனியாத் தேட வேணாம், பொது ஃபைல் ஒன்ன மட்டும் மேல போட்டுக்கங்க, எல்லாம் வந்துரும்னு ஒங்களுக்குச் சொல்லிக் குடுத்ததும் நான்தான். அந்த ஃபைலப் பிரிச்சேன், பதினாலு மாசம், முப்பதாயிரம் ஃபைலயும் பாத்தேன். ஒங்க ஞாபகம் ஒரு நாள்கூட வரலண்ணே."

இந்தக் கடைசி விஷயம் எனக்கே அப்போதுதான் தெரியும். மனைவியை ஒட்டுக்கேட்டு எழுதுகிறவனுக்கு இவ்வளவுதான் கிடைக்கும்.

இனி அவர் பேச வேண்டும். பேசினாரா இல்லையா என்பது எனக்குத் தெரியும், பக்கத்தில்தான் நின்றேன். எழுத மாட்டேன். மன்னித்தார் என்று எழுதினால் உங்களுக்கும் எனக்கும் நிம்மதி. மன்னிக்கவில்லை என்று எழுதினால் கதைக்குக் கனம். இரண்டுமே படகில் இல்லாதவனுக்கு வரும் ஆசைகள்.

ஆகவே நீங்கள் கட்டுமாவடியில் இருக்கிறீர்கள். கையில் கிரீஸ். எதிரே உங்கள் தம்பி நிற்கிறான், 'யாருண்ணே போன்ல?' என்கிறான். அவளைத் தங்கச்சி என்று கூப்பிட்டு நாலு வருஷம் ஆகிறது. அவள் இன்னும் போனை வைக்கவில்லை.

சொல்லுங்கள்.