யோகராசாவின் பிடரி

சிவதர்ஷனின் சினிமாவில் யாருக்கும் முகம் கிடையாது. இரண்டரை மணித்தியாலமும் பிடரிதான். வெளிநாடொன்றில் படம் முடிந்ததும் சனம் எழும்பிப் பத்து நிமிடம் கைதட்டியதாம். திரையில் நின்றவர்கள் அப்போதும் திரும்பிப் பார்க்கவில்லையாம். மட்டக்களப்பில் அப்படித்தான் சொல்கிறார்கள்.

செட்டிபாளையத்துக் கேதீஸ்வரிக்கு இந்தப் பெருமை எதுவும் தெரியாது. அவளுக்குத் தேவைப்பட்டது ஒரேயொரு முகம். புருசன் யோகராசா 2007இல் வெல்லாவெளி வயல்வட்டையில் வேளாண்மை பார்க்கப் போனவன், வரவில்லை. அடையாள அட்டை அவனுடைய சட்டைப்பையோடு போயிற்று. கல்யாண அல்பத்தை அதற்கு முன்பே சுனாமியில் கடல் கொண்டுபோயிருந்தது. காணாமல் போனவர்களின் பெண்சாதிமார் படங்களை ஏந்திக்கொண்டு ரோட்டோரம் இருக்கையில், இவள் மட்டும் பேரெழுதிய அட்டையோடு இருந்தாள்.

அவர்களுடைய கல்யாண வீடியோவுக்குப் பொறுப்பெடுத்தவர் ரவுணில் ஸ்டூடியோ வைத்திருந்த வோல்ட்டர். அன்றைக்குக் காய்ச்சல் என்று, கடையில் வேலைக்கு நின்ற சிவதர்ஷனை அனுப்பிவிட்டார். பிறகு போட்டுப் பார்த்தவர், கசெற்றைப் பூஞ்சணம் தின்றுவிட்டது என்று கேதீஸ்வரியிடம் சொல்லி அலுமாரியில் வைத்துப் பூட்டினார். பூஞ்சணம் வந்து மறுத்துப் பேசாதல்லவா, இருபது வருசம் பொய் நின்றது.

வோல்ட்டர் கண்ணை மூடியதும் பேத்தி சாஷா அலுமாரியைத் திறந்தாள். அவள் சிவதர்ஷனின் தொடக்கக்காலப் படங்களைப் பற்றி ஆய்வு எழுதுகிறவள். கசெற்றை லப்டொப்பில் ஏற்றிக்கொண்டு செட்டிபாளையத்துக்கே வந்துவிட்டாள்.

கேதீஸ்வரி முழுகி, நல்ல சீலை கட்டிக்கொண்டு திரைக்கு முன்னால் இருந்தாள்.

தாலி கட்டும்போது பிடரி. சோறு தின்னும்போது பிடரி. ஐயருக்கும் பிடரி. எல்லாரையும் கமரா பக்கம் திரும்பச் சொல்லும் குரல் கேட்ட ஒரேயொரு தரம், பொடியன் சிவதர்ஷன் வெறுங்கதிரைகளைப் படம் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறான்.

"பாருங்கக்கா, இப்ப உலகமே பேசுற ஸ்டைல். அப்பவே வந்திரிக்கு," என்றாள் சாஷா.

"ஓம் புள்ள. இவர் எப்ப திரும்புவார்?"

சாஷா படத்தை நிறுத்தினாள். நாற்பத்தேழு நிமிடத்தையும் தான் நாலு தரம் பார்த்துவிட்டதாகவும், அவர் முகம் எங்குமே இல்லையென்றும் மெல்லச் சொன்னாள்.

கேதீஸ்வரி இன்னொருதரம் போடச் சொன்னாள். தலைப்பாகைக்குக் கீழே இடது காது கொஞ்சம் தெரிகிற இடத்தில் நிறுத்தி, அதைப் பெரிதாக்கித் தரும்படி கேட்டாள்.

அடுத்த கிழமை ரோட்டோரத்தில் முகங்களுக்கு நடுவே, பலகையில் ஒட்டிய ஒரு பிடரி இருந்தது. விபரம் பதிய வந்த உத்தியோகத்தர் குனிந்து பார்த்தார்.

"அம்மா, மாறிப் பிடிச்சிரிக்கயள். மற்றப் பக்கம் திருப்புங்க."

அவரே வாங்கித் திருப்பினார். மற்றப் பக்கம் வெறும் பலகை. திரும்பவும் திருப்பிப் பார்த்தார். பிறகு அவளிடம் கொடுத்துவிட்டு, படிவத்தில் ‘படம் இல்லை’ என்று எழுதினார்.