நாற்பத்தொன்றாம் இதழின் நடுப்பக்கங்கள்

பிளம்பர் அந்த இதழை மேசைமேல் வைத்ததும் அறையிலிருந்த ஏழு பேரும் பேச்சை நிறுத்தினார்கள். சைக்கிள் கடைக்கு மேலே இருந்த அறை அது. மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை காலையில் காமிக்ஸ் சேர்ப்பவர்கள் அங்கே கூடுவார்கள். ஒருவரிடம் இரண்டாக இருப்பதை இன்னொருவரிடம் மிச்சமாக இருப்பதற்கு மாற்றிக்கொள்வார்கள். கீழே டயருக்குக் காற்றடிக்கிற சத்தத்துக்கு நடுவே பேரம் நடக்கும், சிரிப்பு நடக்கும், சில சமயம் ஒரு வருடம் முகம் பார்க்காத அளவுக்குச் சண்டையும் நடக்கும். சண்டை வராமலிருக்கத்தான் பொதுவான ஓர் ஆள், இதழைப் பார்த்துப் பத்துக்கு இத்தனை என்று மார்க் போட்டுவிட வேண்டும் என்று ஏற்பாடு. அந்த ஆள் நூல்.

நூல் அவருடைய பெயர் அல்ல. அட்டையில் ஒரு நூல் அகலத்துக்கு மடிப்பு இருந்தாலும் அரை மார்க் குறைத்துவிடுவார் என்பதால் வந்த பட்டம். மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் கண்ணாடி வில்லைகளை இழைத்துச் சட்டத்தில் பொருத்துவது அவருடைய வேலை. முடியளவு பிசகினாலும் ஒருவருக்குத் தலைவலி வரும் வேலை. அந்தக் கண்ணோடுதான் காமிக்ஸையும் பார்த்தார். முதுகு சாய்ந்திருக்கிறதா, தாள்களைப் பிணைக்கும் கம்பிப் பின் துருப்பிடித்துத் தாளில் இறங்கியிருக்கிறதா, ஓரத்தை யாராவது கத்தரியால் நேர்செய்திருக்கிறார்களா என்று வரிசையாகப் பார்ப்பார். "இவர்கிட்ட நம்ம கல்யாண போட்டோவக் குடுத்தாக்கூட முதல்ல மூலை மடங்கியிருக்கான்னுதான் பாப்பாரு" என்று அவர் மனைவி வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவாள். அவர் அதை ஒரு பாராட்டாகவே எடுத்துக்கொண்டிருந்தார்.

பிளம்பர் கொண்டுவந்தது 'நீலாழி' தொடரின் நாற்பத்தொன்றாம் இதழ். அவர்களுக்குத் தெரிந்து மொத்தமே ஐந்து பிரதிதான் மிஞ்சியிருந்தது. அதில் ஒன்று நூலிடம், ஒன்பது மார்க் நிலையில், பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது. கதாநாயகன் கடலுக்கடியில் வேலை பார்ப்பவன். தலையில் பித்தளைக் கவசம், படகிலிருந்து இறங்கும் காற்றுக்குழாய், கால் தரையில் நிற்பதற்காக ஈயம் வைத்த பூட்ஸ். இந்த இதழுக்கு அவர்களுக்குள் 'ஒத்தக்கால் இதழ்' என்று பெயர். பதினான்காம் பக்கத்தில் இரண்டு பூட்ஸோடு மூழ்கி, காற்றுக்குழாய் அறுந்து, ஆக்டோபஸின் முன் நிற்பவன், பத்தொன்பதாம் பக்கத்தில் ஏணியைப் பிடித்துப் படகில் ஏறும்போது இடது கால் வெறுங்காலாக இருக்கும். நடுவில் அதைப்பற்றி ஒரு வார்த்தையும் கிடையாது. வரைந்தவர் மறந்துவிட்டார். நாற்பது வருடமாக இதைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணே, நாலாவது மாடில ஒரு அக்கா வீட்டுல தொட்டிக்கு அடியில குழாய் ஒழுகிச்சு. சாமானெல்லாம் எடுத்து வெளிய வெச்சா, ஒரு பெட்டியில இது! கேட்டேன், எடுத்துக்கோன்னுட்டாங்க" என்றான் பிளம்பர். அவன் ஏற்கெனவே கூட்டத்திலிருந்த ஒரு வங்கிக்காரரோடு பேசி முடித்திருந்தான். மார்க் ஏழுக்கு மேல் வந்தால் இதற்குப் பதில் தொடரின் முதல் வருடத்துப் பன்னிரண்டு இதழ்களும் அவனுக்கு. வங்கிக்காரர் அந்தப் பன்னிரண்டையும் பையோடு மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

நூல் கையைத் துடைத்துக்கொண்டார். அட்டை நன்றாக இருந்தது. முதுகில் இரண்டு வெடிப்பு, பின்னில் லேசான துரு, கடைசிப் பக்கத்தில் பென்சிலால் ஒரு சின்ன எண். ஏழரை என்று மனதில் போட்டுக்கொண்டே நடுப்பக்கத்தைப் பிரித்து விரலை ஓட்டினார். விரல் நின்றது. தாள் அதே பழுப்புத்தான், அதே சொரசொரப்புத்தான். ஆனால் அச்சு ஏறிய தாளில் இருக்கும் வழுக்கல் இல்லை. கண்ணில் இடுக்கிக்கொள்ளும் லென்ஸை எடுத்து மாட்டிக்கொண்டு குனிந்தார்.

அந்தக் காலத்து வண்ண அச்சு என்பது புள்ளிகள். நீலப்புள்ளி, சிவப்புப்புள்ளி, மஞ்சள்புள்ளி. தள்ளி நின்று பார்த்தால் கடல், கிட்டே போனால் வரிசை வரிசையாகப் புள்ளிகள். அவர் பார்த்தபோதும் புள்ளிகள் வரிசையாகத்தான் இருந்தன. ஆனால் ஒவ்வொன்றும் மயிரிழை அளவுக்கு வேறாக இருந்தது. ஒன்றின் ஓரத்தில் பேனா முனை தயங்கியிருந்தது. ஒன்று கொஞ்சம் முட்டை வடிவம். ஒரு மஞ்சள் புள்ளியில் பென்சில் பொடி உதிர்ந்து பக்கத்தில் கிடந்தது. நூல் லென்ஸை நகர்த்தினார். கடல் முழுவதும் அப்படித்தான். பாறை அப்படித்தான். ஆக்டோபஸின் எட்டுக் கையும், கைகளில் இருந்த ஒவ்வொரு உறிஞ்சியும் அப்படித்தான். யாரோ உட்கார்ந்து, ஒவ்வொன்றாக, கையால் வைத்திருந்தார்கள். ஒரு விரல்நக அளவு இடத்தில் எண்ண ஆரம்பித்து நூற்றுப்பத்தில் விட்டுவிட்டார். தாளோ, மடித்தால் நான்கு பக்கம்.

பிறகு உதட்டைப் பார்த்தார். அச்சில் நிறம் கொஞ்சம் தள்ளி விழுந்து, கவசக் கண்ணாடிக்குள் தெரியும் வீரனின் உதட்டுச் சிவப்பு கோட்டைத் தாண்டிக் கன்னத்தில் நிற்கும். இந்த இதழ் முழுக்க அந்தக் குறை உண்டு. கையால் புள்ளி வைத்தவர் அந்தக் குறையையும் விடவில்லை. நான்கு பக்கத்திலும் சிவப்பை இம்மி பிசகாமல் அதே அளவுக்குக் கோட்டுக்கு வெளியே தள்ளி வைத்திருந்தார்.

"என்னண்ணே, எட்டா?" என்றான் பிளம்பர்.

நூல் லென்ஸைக் கழற்றி வைத்துவிட்டுப் படிக்க ஆரம்பித்தார். அவர் ஒரு காமிக்ஸைப் படித்து எத்தனையோ வருடமாகியிருந்தது. அவருடைய பிரதியில் பதினைந்திலிருந்து பதினெட்டு வரை வெறும் சண்டை. குத்து, வெட்டு, கடைசியில் ஆக்டோபஸ் ஓடிப்போகும். இங்கே சண்டையே இல்லை. காற்றுக்குழாய் அறுந்தபின் வீரன் அசையாமல் நிற்கிறான். ஆக்டோபஸ் அவனைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறது, கண்ணில்லாதவர் முகத்தைத் தடவுவதுபோல. பிறகு சலித்துப்போய் விலகுகிறது. இப்போது கவசத்துக்குள் மிஞ்சியிருக்கும் காற்றுதான். மேலே போக வேண்டும், ஈயம் விடவில்லை. குனிந்து இடது பூட்ஸின் வாரைக் கழற்றத் தொடங்குகிறான். ஒரு முழுப் பக்கம் அந்த வாரும் விரல்களும் மட்டும்தான். நான்கு கொக்கிகள். கடைசிக் கொக்கி விடுபடும்போது பார்வை மங்குகிறது. கட்டத்தின் மூலையில் எழுதியிருந்தது: 'இரண்டாவதைக் கழற்ற மூச்சு இல்லை. ஒன்று போதுமென்று நினைத்துக்கொண்டான்.' கடைசிக் கட்டத்தில் ஒரு பக்கமாகச் சாய்ந்து, கோணலாக, மெதுவாக மேலே போகிறான்.

அடுத்த பக்கம் அச்சடித்த பத்தொன்பது. வெறுங்காலோடு ஏணியில் ஏறுகிறான்.

நாற்பது வருடமாகச் சிரித்துவந்தது இந்த வெறுங்காலைப் பார்த்துத்தான். நூல் இதழைச் சுற்றி நின்ற எல்லோரிடமும் காட்டினார். லென்ஸ் கைமாறிக் கைமாறிப் போனது. வங்கிக்காரர் இரண்டு தரம் பார்த்துவிட்டு, "இதுக்குப் போய் உட்கார்ந்தவங்களுக்கு என்ன பொறுமைங்க" என்று கும்பிடுகிற குரலில் சொன்னார். ஆனால் பையின் வாயைச் சுருக்கிக் கட்டவும் செய்தார். நடுத்தாள் அசல் இல்லையென்றால் விதிப்படி மார்க் அரைதான். அதற்குக் கீழே மார்க் கிடையாது.

"அரையா?" பிளம்பரின் முகம் சுருங்கிவிட்டது. "ஏமாத்து வேலைக்கு எல்லாரும் சேர்ந்து கும்பிடு போடறீங்க. எனக்குப் பன்னெண்டு இதழ் போச்சு. நீங்க பாக்காமலே இருந்திருக்கலாம்ல அண்ணே!"

"பாக்காம இருந்திருக்கலாம்" என்றார் நூல். பிறகு, வீட்டில் அலமாரியின் மேல்தட்டில் இருக்கும் தன்னுடைய பிரதி நினைவுக்கு வர, கொஞ்சம் மூச்சை இழுத்துவிட்டுச் சொன்னார்: "என்னோடத எடுத்துக்கோ. ஒம்போது. இத எனக்குக் குடு."

அறையில் ஒருவர் இருமினார். ஒன்பதைக் கொடுத்து அரையை வாங்குவதாக அந்த அறையில் யாரும் கேள்விப்பட்டதில்லை. பிளம்பர் அவருக்கு ஏதாவது உடம்புக்கு முடியவில்லையா என்பதுபோல் பார்த்தான். "அண்ணே, நல்லா யோசிச்சுக்கோங்க. அப்புறம் அண்ணி என்னை வந்து கேப்பாங்க."

"அவ கேக்கமாட்டா. அந்த வீடு எங்கே?"

கடைக்கு விடுமுறையான புதன்கிழமை நூல் நான்கு மாடி ஏறினார். கதவைத் திறந்தவளுக்கு அறுபது வயதிருக்கும். மூக்குக்கண்ணாடியின் காதுக்கம்பி ஒன்று தையல்நூலால் கட்டப்பட்டிருந்தது. அவர் இதழைக் காட்டி, நடுத்தாளைப் பிரித்து, "அக்கா, இத யாரு வரைஞ்சது?" என்று கேட்டார்.

"அய்யோ, அந்தத் தம்பிகிட்ட சொல்ல மறந்தே போச்சு. ஏதும் பிரச்சினையா? நான் ஏமாத்தணும்னு குடுக்கல."

"இல்லக்கா. கும்பிடத்தான் வந்தேன்" என்றார். சொல்லிவிட்டு அவருக்கே கூச்சமாக இருந்தது.

உள்ளே உட்காரவைத்து அவள் சொன்னாள். இந்த இதழ் வந்த புதிதில் அவள் தங்கைக்குப் பதினோரு வயது. இடுப்புவரை ஒரு காலில் மாவுக்கட்டு, ஆஸ்பத்திரியில் ஐந்து மாதம். வார்டில் கைமாறி வந்த இந்தப் புத்தகத்தில் நடுத்தாள் இல்லை.

"தினமும் கேப்பா. நடுவுல என்ன ஆச்சுக்கா, ஏன் அவனுக்கு ஒரு கால்ல பூட்ஸ் இல்லன்னு. அவ கட்டிலுக்கு அடியிலயும் செருப்பு ஒண்ணுதான் கெடக்கும். இன்னொண்ண நாங்க வீட்டுக்கு எடுத்துட்டு வந்துட்டோம். கடை கடையா ஏறி எறங்கினேன், கிடைக்கல. வாங்கித் தரேன்னு வாக்குக் குடுத்துட்டேனே! நான் பேக்கரில கல்லாவுல இருந்தேன். ரொட்டி சுத்தற வெள்ளைத்தாளு இதே மாதிரி இருந்துச்சு. ரெண்டு மாசம், ஆள் வராத நேரமெல்லாம் புள்ளி வெச்சேன். பின்னைப் பிரிச்சுச் சொருகி, இன்னொரு கடையில வாங்கினேன்னு சொன்னேன்."

"கண்டுபிடிக்கலையா?"

"எங்க? படிச்சுட்டு ஒரு நாள் முழுக்கப் பேசவே இல்ல. மறுநாள் எழுந்து நிக்கறேன்னு நர்ஸம்மாவக் கூப்பிட்டா." அவள் சிரித்தாள். "இப்போ அவளுக்கே ரெண்டு பேத்தி. இன்னிவரைக்கும் சொல்லல. பிரிச்சுப் பார்த்து நீங்க ஒருத்தர்தான் கேட்டீங்க."

நூல் தன் லென்ஸை அவளிடம் கொடுத்தார். அவள் தன் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, அதை எப்படி மாட்டுவது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, குனிந்தாள். வெகுநேரம் தலை நிமிரவில்லை. "நானா வெச்சேன் இத்தனையும்" என்று தாளைப் பார்த்தே சொன்னாள். நிமிர்ந்தபோது அவள் கேட்ட கேள்வியை அவர் எதிர்பார்க்கவில்லை.

"தம்பி, நெஜமான பக்கத்துல என்ன இருந்துச்சு?"

அவள் அதைப் பார்த்ததே இல்லை. அவருடைய அசல் பிரதி கைவிட்டுப் போய் மூன்று நாளாகியிருந்தது; ஆனால் ஒவ்வொரு கட்டமும் அவருக்கு மனப்பாடம். பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்தார். பிறகு உள்ளதைச் சொன்னார்: ஆக்டோபஸோடு சண்டை, கத்தி, இரத்தம், ஓட்டம்.

"அப்போ பூட்ஸு?"

"அதப் பத்தி ஒண்ணுமே இல்லக்கா. வரைஞ்சவரு மறந்துட்டாரு."

அவள் நம்பவில்லை. "மறந்துட்டாரா? ஒருத்தன் வெறுங்கால்ல ஏறி வரான், பாத்தா யாருக்கும் கேக்கத் தோணாதா?" உண்மையாகவே கோபம் வந்துவிட்டது அவளுக்கு. அந்தக் கோபத்தோடு எழுந்து தேநீருக்குத் தண்ணீர் வைத்தாள். அடுப்பைப் பற்றவைக்கும்போது கை ஆடியது. தீக்குச்சி இரண்டு அணைந்து மூன்றாவதில்தான் பிடித்தது. "வயசாகிப்போச்சு, டம்ளர் பிடிச்சாலும் இப்படித்தான்" என்றாள்.

"வரிசை எப்படிக்கா பிசகாம வந்துச்சு? ஸ்கேல் வெச்சீங்களா?"

"ஸ்கேல் வெச்சா வராது. மூச்சுதான். ஒரு வரிக்கு ஒரு மூச்சு." சொன்னால் புரியாது என்று தோன்றியதுபோல, சுவரோரம் கிடந்த மின்கட்டண ரசீதைத் திருப்பிப்போட்டு, ஒரு பால்பாயிண்ட் பேனாவை எடுத்து உட்கார்ந்தாள். முனை தாளுக்கு மேலே இங்கும் அங்கும் நடுங்கியது. அவள் மூச்சை இழுத்தாள். முதல் புள்ளி விழுந்தது. இரண்டாவது. மூன்றாவதிலிருந்து நடுக்கம் நின்றது. கை தனியாக, வேறொருத்தியின் கைபோல, ஒரே சீராகப் போய்க்கொண்டிருந்தது. நூல் தன்னையறியாமல் அவளோடு சேர்ந்து மூச்சைப் பிடித்துக்கொண்டார். அடுப்பில் தண்ணீர் கொதித்துப் பாத்திரத்தை அசைத்தது. அவள் திரும்பவில்லை, அவரும் எழவில்லை. ரசீதின் வெள்ளையில் ஓரத்திலிருந்து, வரி வரியாக, கடல் ஏறி வந்துகொண்டிருந்தது.