நான்காவது பள்ளிக்கூடம்

வெள்ளிக்கிழமை என்று சொல்லியிருந்த விசாரணையைப் புதன்கிழமைக்கு மாற்றிவிட்டோம் என்று கல்வி அலுவலகத்திலிருந்து போன் வந்தபோது மனுக்கா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. கையிலிருந்த ஈரத் துண்டைக் கொடியில் போடத் தோன்றாமல் தோளில் போட்டுக்கொண்டு, வாசலுக்கும் கொடிக்குமாக நாலைந்து நடை நடந்தாள்.

"எதுக்கு இப்படிக் கூண்டுக்குள்ள இருக்கற மாதிரி சுத்தற?" என்றான் கணவன்.

"நாளைக்காம்."

"என்ன நாளைக்கு?"

"விசாரணை. நாளைக்கே. காலைல பத்து மணிக்கு."

அவளுக்கு வீட்டில் வைத்த பெயர் வேறு. எந்நேரமும் மனுவும் கையுமாகத் திரிந்ததில் யாரோ 'மனு அக்கா' என்று கூப்பிடப்போய், அது தேய்ந்து மனுக்கா ஆகிவிட்டது. கணவன் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தான். "எனக்கு எழுதின முதல் லெட்டரையே 'பொருள்'னு போட்டுத்தான் ஆரம்பிச்சா" என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பான்.

விஷயம் இதுதான். இருபது பிள்ளைகளுக்குக் குறைவாகப் படிக்கும் நான்கு பள்ளிக்கூடங்களை மூடிவிட்டு, ஒன்பது கிலோமீட்டர் தள்ளி நெடுஞ்சாலையோரம் இருக்கும் பெரிய பள்ளிக்கூடத்தோடு சேர்த்துவிடுவது என்று அரசு முடிவெடுத்திருந்தது. ஒன்று ஆற்றங்கரை மீனவர்களுடையது. ஒன்று ஆடு மேய்ப்பவர்களுடையது. மூன்றாவது தோட்டக் கூலிகளின் குடியிருப்பில். நான்காவது செங்கல் சூளையை ஒட்டி. நாலு இடத்திலும் நாலு விதமான ஜனங்கள். ஒருவர் பேச்சு மற்றவருக்குப் பாதிதான் புரியும், சூளைக்காரர்கள் பேச்சு யாருக்குமே புரியாது. இவர்களை ஒரே பாயில் உட்காரவைத்து 'பள்ளி காப்பு மன்றம்' என்று ஒன்றை உண்டாக்க மனுக்காவுக்கு ஒன்பது மாதம் பிடித்தது. ஒரு பிள்ளையைப் பெற்றிருக்கலாம் என்பாள்.

அன்று பகல் முழுக்க அவள் ஒரு இடத்தில் உட்காரவில்லை. போன் எடுக்காதவர்களைத் தேடி நேரில் போனாள். மீனவர்களில் பேச ஒப்புக்கொண்டிருந்தவர் மீன்பிடிக்கத் தூரமாகப் போயிருக்க, அவர் தம்பியைப் பிடித்து வந்து, பேசவேண்டியதை எழுதிக்கொடுத்தாள். மன்றத்தின் தலைவர் தோட்டக் குடியிருப்புக்காரர், பால் வண்டி ஓட்டுகிறவர். அவர் மட்டும் பதற்றப்படவில்லை.

"ஏம்மா, நாளைக்குன்னா நாளைக்கு. நாலு பேரும் ஒரே குரல்ல பேசணும், அவ்வளவுதான். ஒருத்தர் வாய் பிசகினாலும் நாலும் போச்சு."

"பிசகாதுண்ணே. நான் பாத்துக்கறேன்."

சூளைப் பக்கம் பேச ஒத்துக்கொண்டது ஒரு இளம் தாய். கல் அறுக்கிறவள். எல்லாரும் அவளைக் கல்லக்கா என்றார்கள், வயதென்னவோ இருபத்தாறுதான். மனுக்காவின் அப்பா வேலை பார்த்த ஊரில் சூளைக்காரர்களின் மொழிதான் புழங்கியது. பத்து வயது வரை அங்கே வளர்ந்ததால் அவளுக்கு அது நன்றாகவே வரும். சூளைக்காரர்களுக்கும் வெளியுலகத்துக்கும் நடுவில் இருந்த ஒரே வாய் அவளுடையது.

புதன்கிழமை காலை பால் வண்டியின் முன்சீட்டில் கல்லக்காவை நடுவில் உட்காரவைத்துக்கொண்டு, மனுக்கா ஒரு காகிதத்தை மூன்று தடவை படித்துக் காட்டினாள். பள்ளிக்கூடம் பக்கத்தில் இருப்பது எங்கள் உரிமை, சின்னப் பிள்ளைகளால் தூரம் போக முடியாது, தயவுசெய்து மூடாதீர்கள்.

"நான் என்ன சொல்றேனோ அதைத்தானே அக்கா நீங்க அவங்ககிட்ட சொல்வீங்க?" என்று கல்லக்கா தன் மொழியில் கேட்டாள்.

"ஆமா, ஆமா. மூணு நிமிஷம்தான். மணி அடிச்சா நிறுத்திடணும்" என்று சொல்லிக்கொண்டே மனுக்கா போனில் மீனவத் தம்பியைத் திட்டிக்கொண்டிருந்தாள். அவன் இன்னும் சட்டை தேய்த்துக்கொண்டிருந்தான்.

விசாரணை நடந்தது ஒரு நீண்ட கூடத்தில். மின்விசிறி மூன்றில் ஒன்றுதான் சுற்றியது, அதுவும் அதிகாரியின் தலைக்கு மேல். விசாரணை அதிகாரி கண்ணாடி போட்ட ஒரு பெண்மணி. முகத்தில் சலிப்பும் இல்லை, அக்கறையும் இல்லை. பக்கத்தில் ஒரு குமாஸ்தா மேஜை மணியோடு உட்கார்ந்திருந்தார். மணி அடிப்பதில் அவருக்கு ஒரு தனி சந்தோஷம் இருந்தது.

மீனவத் தம்பி தேய்த்த சட்டையோடு வந்து, எழுதிக்கொடுத்ததை ஒரு மூச்சில் ஒப்பித்தான். ஆட்டுக்காரர்களில் ஒரு அப்பா, தன் மகள் மேய்ச்சல் கணக்கைப் பலகையில் எழுதிக் காட்டியதைச் சொல்லி, பாதியில் குரல் உடைந்து உட்கார்ந்துவிட்டார். பால் வண்டிக்காரர் மன்றத் தலைவராக, நாலு இடத்துப் பெற்றோருக்கும் ஒரே கருத்துதான் என்று சட்டப் பிரிவின் எண்ணோடு பேசினார். மனுக்கா சுவரோரம் நின்று, ஒவ்வொருவர் பேசும்போதும் உதட்டை அசைத்துக்கொண்டிருந்தாள். எல்லாம் அவள் எழுதியது. எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தது. அப்படியும் அவள் கால் ஒரு இடத்தில் நிற்கவில்லை.

கல்லக்கா எழுந்தாள். காகிதத்தை மடித்து நாற்காலியில் வைத்துவிட்டு, ஒலிபெருக்கி முன் போய் நின்றாள். மனுக்கா பக்கத்தில் போய் நின்றுகொண்டாள்.

"என் பையன் ரெண்டாவது படிக்கறான்" என்று தன் மொழியில் ஆரம்பித்தாள் கல்லக்கா. "பள்ளிக்கூடம் எங்க வீட்டுலேர்ந்து கூப்பிடு தூரம். அங்க ஊர்ப் பிள்ளைங்க பெஞ்சுல, எங்க பிள்ளைங்க பின்னாடி தரையில உட்காருதுங்க. எங்க பேச்சுல ஒரு வார்த்தை பேசினா வெளிய நிக்கணும். வீட்டுல வாய் ஓயாம பேசினவன், இப்ப வீட்டுலயும் பேசறதில்ல. ரெண்டு வருஷத்துல அவன் அங்க கத்துக்கிட்டது வாயை மூடிக்கறது ஒண்ணுதான். அந்தப் பள்ளிக்கூடத்தை மூடுங்க. நல்லா மூடுங்க. பெரிய பள்ளிக்கூடத்துல எங்க பேச்சு தெரிஞ்ச டீச்சர் ஒருத்தர் இருக்காங்களாம். எங்களுக்கு ஒரு பஸ் விடுங்க, போதும். மத்தவங்க பள்ளிக்கூடம் அவங்களுக்கு வேணும்னா அது இருக்கட்டும். அது அவங்க இஷ்டம்."

மனுக்கா நாற்காலியில் கிடந்த காகிதத்தைப் பார்த்தாள். கூடத்தில் வேறு ஒருவருக்கும் ஒன்றும் புரியவில்லை. பால் வண்டிக்காரர் மூன்றாவது வரிசையிலிருந்து, எல்லாம் சரி என்பதுபோலத் தலையசைத்தார்.

"என்ன சொல்றாங்க?" என்றார் அதிகாரி.

"அவங்க... பையன் ரெண்டாவது படிக்கறான், மேடம். பள்ளிக்கூடம் வீட்டுக்குப் பக்கத்துல இருக்கு. பிள்ளைங்க நல்லா படிக்கணும்னு ஆசைப்படறாங்க."

"அவ்வளவு நேரம் பேசினாங்களே?"

"அவங்க பேச்சே கொஞ்சம் இழுத்துதான் இருக்கும், மேடம்."

அதிகாரி பேனாவை எடுக்கவில்லை. கல்லக்கா மனுக்காவின் முழங்கையைத் தொட்டாள்.

"அக்கா, பஸ்ஸுன்னு நீங்க சொல்லவே இல்லையே."

அந்த ஒரு சொல் இரண்டு மொழியிலும் ஒன்றுதான். அதற்காகத்தான் கல்லக்கா காதைத் தீட்டிக்கொண்டு நின்றிருந்தாள். அவள் கோபமாகக் கேட்கவில்லை. மறந்துவிட்டீர்களே என்பதுபோலத்தான் கேட்டாள். ஒன்பது மாதமாக மனுக்கா எத்தனை படிவம் எடுத்துக்கொண்டு சூளைக்குப் போயிருப்பாள். ஒவ்வொன்றிலும் ஒரே கேள்வி: பள்ளியை மூடுவதை எதிர்க்கிறீர்களா? கீழே கைநாட்டு. அந்தப் பள்ளிக்கூடத்துக்குள் என்ன நடக்கிறது என்று அவள் ஒருத்தரையும் கேட்டதில்லை.

குமாஸ்தாவின் கை மணிப் பக்கம் போயிற்று.

"மேடம்," என்றாள் மனுக்கா. "நான் இப்ப சொன்னது சரியில்ல. பாதியை விட்டுட்டேன். மறுபடி சொல்றேன்."

சொன்னாள். வெளியே நிற்கவைப்பதை, தரையை, வாயை மூடக் கற்றுக்கொண்ட பையனை, மூடச் சொன்னதை. கடைசியாக பஸ்ஸைச் சொன்னபோது கல்லக்கா "ஆங்" என்று தலையாட்டினாள். அன்று முதல் தடவையாக அதிகாரி எழுதினார். கூடத்தில் நாற்காலிகள் உரசும் சத்தம். பால் வண்டிக்காரர் எழுந்து வெளியே போனார். திரும்பும்போது அவர் வண்டியில் இவர்களுக்கு இடம் இல்லை. இரண்டு பேரும் பேருந்து நிலையம் வரைக்கும் வெயிலில் நடந்தார்கள்.

"நான் தப்பா பேசிட்டேனா?" என்றாள் கல்லக்கா.

"இல்ல. நான்தான் தப்பா கேட்டிருக்கேன்" என்றாள் மனுக்கா.

மூன்று வாரம் கழித்து ஆணை வந்தது. ஆற்றங்கரைப் பள்ளியும் ஆட்டுக்காரர் பள்ளியும் தொடரும். சூளைப் பள்ளி மூடப்படும், பிள்ளைகளுக்குப் பஸ் வசதி செய்யப்படும். தோட்டக் குடியிருப்புப் பள்ளியைப் பற்றி, 'மன்றத் தலைவர் கூறியதற்கு மாறாகப் பெற்றோரிடையே ஒருமித்த கருத்து இல்லாததால் ஓராண்டுக்குப் பின் மறு ஆய்வு' என்று ஒரு வரி. பால் வண்டிக்காரரின் பள்ளிக்கூடம் அது.

அவர் போனை எடுக்கவில்லை. நேரில் போனாள். வண்டியில் கேன்களை ஏற்றிக்கொண்டிருந்தார்.

"கூடவே இருந்து குழி பறிச்சுட்டீங்களேம்மா. எங்களுக்கு டீச்சர் நல்லவர். எங்க பள்ளிக்கூடத்துல ஒரு குறை கிடையாது. அவங்களுக்காக எங்களைத் தொங்கல்ல விட்டீங்க."

"தெரியும்ணே."

"பொய்யா சொல்லச் சொன்னேன்? ரெண்டு வரியைச் சுருக்கிச் சொல்லியிருக்கலாம். யாருக்குத் தெரியப்போகுது?"

"அவளுக்குத் தெரிஞ்சுபோச்சுண்ணே." பைக்குள் கையை விட்டுக்கொண்டே, "அவ கேக்கலன்னா நான் அப்படியே விட்டிருப்பேன்" என்றாள். அதை இதுவரை அவள் கணவனிடம்கூடச் சொல்லவில்லை.

அவர் ஒரு கேனின் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தார், அது ஏற்கனவே இறுகியிருந்தும். மனுக்கா பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்து நீட்டினாள். கணவன் நேற்றுத்தான் ஐம்பது பிரதி எடுத்துக்கொடுத்திருந்தான். கேள்வி இரண்டுதான், மற்றதெல்லாம் வெற்றிடம். பள்ளிக்கூடத்தில் என்ன நல்லது? என்ன மாறணும்?

அவர் படித்தார். "இதைக் கேட்டா ஆளுக்கொண்ணு சொல்வாங்க."

"சொல்லட்டும். அடுத்த வருஷம் உங்க பள்ளிக்கூடத்துக்காகப் பேசும்போது அவங்க சொன்னதை வச்சே பேசலாம். நான் எழுதிக்கொடுத்ததை இல்ல."

"எனக்குப் பால் கெட்டுப்போகும்" என்று வண்டியைக் கிளப்பினார். படிவத்தைத் திருப்பிக் கொடுக்கவில்லை, சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு போனார். அதற்கு என்ன அர்த்தம் என்று மனுக்காவுக்குப் பிடிபடவில்லை. தெருவில் நின்று அவர் போன திசையையே கொஞ்சம் பார்த்தாள். அப்புறம் பொறுக்கவில்லை. நிற்பது என்றைக்குமே அவளுக்கு ஆகாது.

குடியிருப்பின் முதல் வீட்டுக் கதவைத் தட்டினாள். கையில் மாவோடு ஒரு பெண் எட்டிப் பார்த்தாள்.

"மனுக்காவா? எங்க கையெழுத்து போடணும்?"

"எங்கயும் வேணாம்மா," என்றாள் அவள், பேனாவைத் தேடிக்கொண்டே. "கையைக் கழுவிட்டு வா. இன்னைக்கு நீ சொல்லு, நான் எழுதறேன்."