காய்ச்சல் இல்லாத கொதிப்பு

அஸாபி நைஜீரியாவின் ஒக்போமோஷோவில் ரொட்டி சுடுபவள். மூத்த மகன் பெயரால் ஊரார்க்கு இயா தேலே, அதாவது தேலேயின் தாய். விடியுமுன் அடுப்பு மூட்டுவாள். முதல் ரொட்டியைத் தானே பிட்டுத் தின்றபின்னரே விற்பாள். இருபதாண்டுகள் நெருப்பின்முன் சலியாது நின்றவள், இம்மழைக்காலத்தில் நிழலிலும் வெந்தாள். மார்பிலிருந்து அனல் ஏறும், ஆடை நனையும், பின்பு குளிரும். இரவெல்லாம் உறக்கமின்மையால் இருமுறை மாவைப் பாழாக்கினாள். அடுப்பை விட்டால் அவளுக்கு வேறு பிழைப்பில்லை.

மாதவிலக்கு நின்று ஏழு மாதமாயிற்று என்பதை அவள் எவரிடமும் சொல்லவில்லை. மூலிகைக் கஷாயம் விற்கும் இயா ஸிகிராவிடம், "உடம்பு கொதிக்குது" என்று மட்டும் சொன்னாள். அவ்வூரில் கொதிப்பென்றால் காய்ச்சல். பெயரெழுதாத பழைய குளிர்பானப் புட்டியொன்று கைமாறிற்று. கொதிப்புத் தணியாமையால் அஸாபி அளவை இரட்டித்தாள். மூன்றாம் வாரம் கண்கள் மஞ்சளித்தன.

காமாலையும் அங்கே காய்ச்சலில் ஒரு வகையே. புதுப் புட்டியோடு அடுப்படிக்கே வந்தாள் இயா ஸிகிரா.

"மஞ்சக் காய்ச்சலா முத்திடுச்சு இயா தேலே. இந்தா, இதவிடக் காட்டமான புட்டி."

"இப்படியே குடிச்சா நானே கசாயமாயிடுவேன்டி."

"ஆயிட்டா உன்னையும் புட்டியில ஊத்தி வித்துடறேன், போ!"

ரொட்டி வாங்க வந்த செவிலி மொரூன்கே சிரிக்கவில்லை. பையிலிருந்து வெப்பமானியை எடுத்து அஸாபியின் அக்குளில் வைத்தாள்.

"காய்ச்சலே இல்லையேம்மா. தீட்டு நின்னுடுச்சா?"

அஸாபி தலைகுனிந்தாள். "ஏழு மாசம்."

"கொதிப்பு அதனாலதான். கண்ணு மஞ்சளானது இந்தப் புட்டியாலயோ என்னவோ. ஈரலைப் பாக்கணும். அக்கா, இதுல என்னென்ன வேர் போடுறீங்க?"

"என் மாமியா காதுல சொன்னது. ஊசி போடுறவ கேட்டா சொல்லணுமா?" என்று சீறினாள் இயா ஸிகிரா.

மஞ்சள் வந்தது புட்டிக்குப் பின்பு. அந்த மஞ்சளுக்கே மற்றொரு புட்டி. அஸாபிக்கு இப்போதுதான் அது உறைத்தது.

"குடிக்கலன்னா இன்னும் வேகுமே, மகளே! நான் எப்படி அடுப்பு முன்னால நிப்பேன்? செத்துடலாம்போல இருக்கு!"

"அதுக்கும் மருந்து இருக்கும்மா. எது உங்களுக்கு ஒத்துக்கும்னு ரத்தம் பாத்தபிறகுதான் டாக்டர் சொல்வார்."

அப்பொழுதே அனல் மறுபடியும் ஏறிற்று. கை தானாகவே புட்டிக்கு நீண்டது. மூடியைத் திருகியவள், சற்று நின்று, மறுபடி இறுக மூடினாள்.

"இன்னைக்கு அடுப்பை அணைச்சிடறேன். ரெண்டு புட்டியையும் எடுத்துக்கிட்டு உன்கூட ஆஸ்பத்திரிக்கு வர்றேன்" என்றாள்.