உம்மாவுக்கு ஒரு வரி

முத்துப்பேட்டை கடைத்தெருவில், உம்மாவின் மளிகைக் கடையின் பின்னறையில், நுஸைபா தன் கல்யாணப் பத்திரிகையை வேறு வேறு போன்களில் திறந்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். வலைப்பக்கம் வடிவமைப்பதுதான் அவள் வேலை. போனில் அனுப்பும் பத்திரிகையை அவளே செய்தாள். அழகாக இருக்கட்டுமென்று எழுத்துகளுக்கு நடுவே கொஞ்சம் இடம் விட்டிருந்தாள். அவள் போனில் அது பாந்தமாக இருந்தது. துபாயில் மாப்பிள்ளை வீட்டாரின் போன்களில் சிதறிப்போயிருந்தது. ‘செல்வி’யில் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம். அத்தா, உம்மா பெயர்கள் இருந்த ‘முபாரக் – பாத்திமா’ என்ற வரி நீண்டு உடைந்து, உம்மாவின் பெயர் மட்டும் கீழே விழுந்து கிடந்தது.

மாப்பிள்ளை ஃபாஜிலின் தாய்மாமா ஹபீப் முகம்மது குரல் பதிவு அனுப்பியிருந்தார். “நெல்லு மூட்டை கிழிஞ்சு கொட்டுன மாதிரி கெடக்கும்மா எழுத்து. கடைசில இருக்குற அந்தப் பேரை எடுத்துட்டா எல்லாம் ஒழுங்கா உக்காந்துடும்.”

அந்தக் குடும்பத்துப் பத்திரிகைகளில் பெண்ணின் தகப்பன் பெயர் மட்டும்தான் வரும். அவர் மௌத்தாகியிருந்தாலும் அப்படித்தான். அத்தா போனபிறகு, கணவனை இழந்தவள் வீட்டுக்குள்ளேயே இருக்கும் இத்தா நாட்கள் முடிந்த கையோடு கல்லாவில் வந்து உட்கார்ந்தவள் உம்மா. அன்றைக்கு முகத்தைத் திருப்பிக்கொண்ட சொந்தங்கள் இன்றும் அரிசிக்கு வேறு கடைக்குத்தான் போகிறார்கள்.

எழுத்து சிதறியது தன் தவறு என்று நுஸைபாவுக்குத் தெரியும். இடைவெளியை எடுத்தாள். ஒவ்வொரு போனும் தன் இஷ்டத்துக்கு எழுத்துருவை மாற்றாதபடி, அதையும் பக்கத்தோடு சேர்த்தாள். எல்லாவற்றிலும் எழுத்து ஒரே மாதிரி நெருங்கி நின்றது. அத்தாவும் உம்மாவும் ஒரே வரியில் இருந்தார்கள். ஃபாஜிலுக்கு அனுப்பினாள்.

அவன் கூப்பிட்டபோது குரல் இறங்கியிருந்தது. “இப்ப நல்லாதான் இருக்கு. ஆனா மாமா எடுக்கத்தான் சொல்றாங்க.”

“எழுத்து சரியில்லைன்னுதானே சொன்னாங்க?”

உங்களுக்கு என்ன தோணுது என்று கேட்டாள். யோசித்துச் சொல்வதாகச் சொல்லி போனை வைத்துவிட்டான்.

கல்லாவிலிருந்த உம்மாவுக்கு எல்லாம் கேட்டிருந்தது. “எடுத்துடு புள்ள. கல்யாணம் நல்லபடியா நடக்கட்டும்.”

“உங்க பேரைப் போடக் கூச்சப்படுற வீட்டுல நான் எப்படி உம்மா போய் நிக்கிறது?”

மறுபடி உட்கார்ந்தாள். திரை சின்னதோ பெரியதோ, எந்த போனாக இருந்தாலும் உம்மாவின் பெயர் தனி வரியில், நடுவில், மற்ற எழுத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக வரும்படி செய்தாள். இரண்டு வீட்டாரும் இருக்கிற குழுவில் அதைப் போட்டு, கீழே எழுதினாள்: ‘இது எல்லா போன்லயும் ஒரே மாதிரிதான் தெரியும்.’

ஒவ்வொருவராகப் பார்த்தார்கள். யாரும் எதுவும் எழுதவில்லை. ஃபாஜிலும் பார்த்துவிட்டான்.

உம்மா தன் போனை எடுத்தாள். கண்ணாடி இல்லாமல் படிப்பதற்காக எழுத்தைப் பெரிதாக்கியே வைத்திருப்பாள். பத்திரிகை அதில் நீண்டுகொண்டே போனது. விரலால் தள்ளித் தள்ளி வந்தவள் தன் பெயர் வந்த இடத்தில் நிறுத்தினாள். வாசலில் யாரோ பச்சரிசி கேட்டார்கள். உம்மா போனைத் தராசில் சாய்த்து, திரை தெருப்பக்கம் பார்க்கும்படி வைத்துவிட்டு, அரிசி அள்ளப் போனாள்.