செலினின் ஞாயிறு வகுப்பு

ஞாயிற்றுக்கிழமைகளில் லோகநாதன் ஆறு மணிக்கு எழுவான். பால் வாங்குவான், காப்பி போடுவான், ரொட்டி நறுக்குவான். கூடத்தில் பாயை விரித்துக் கிண்ணங்களை வைப்பான். அலமாரியில் இருக்கும் ஒரு கிண்ணத்தை மட்டும் தொடமாட்டான். ஏழு மணிக்கு, 1969-இல் மஞ்சள் காமாலையில் இறந்துபோன அவன் மனைவி செலின் பிரெஞ்சுப் பாடம் தொடங்குவாள். ஆள் தெரியாது, குரல் மட்டும்.

ஆவடி தொழிற்சாலை வேலைக்கு வந்த பாண்டிச்சேரிக் குடும்பங்கள் வெள்ளானூரில் ஒரே தெருவில் இருந்தன. அவர்களுடைய அப்பாமார் வியட்நாமின் சைகோனில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்கள். காலையில் கிண்ணத்தில் காப்பி ஊற்றி ரொட்டியைத் தோய்த்துச் சாப்பிடுவார்கள். அந்த வேளையில் பிரெஞ்சு மட்டும்தான். தமிழ் பேசிவிட்டவர் எல்லாக் கிண்ணங்களையும் கழுவ வேண்டும். அதில் ஒரு வீட்டுப் பெண்ணான செலினைக் கட்டிய உள்ளூர்க்காரன் லோகநாதன் கல்யாணமான புதிதில் தினமும் கழுவினான்.

செலின் உயிரோடு இருந்தபோது கூடத்தில் நடத்திய ஞாயிறு வகுப்பு அவள் போனதும் நின்றுவிடும், கூடத்தில் உர மூட்டை அடுக்கலாம் என்று வீட்டுக்காரர் கோதண்டம் கணக்குப் போட்டிருந்தார். குரல் வரத் தொடங்கிய பிறகு ஒரு ஞாயிறு நேராக உள்ளே வந்தார்.

“இன்னா நைனா, செத்தும் அடங்கலியா உன் பொஞ்சாதி? ஊட்டக் காலி பண்ணு.”

தமிழில் பேசியதற்கு என்ன தண்டனை என்பதைக் குரல் நிதானமாகச் சொன்னது. ஒரு கிண்ணம் கோதண்டத்தின் கையில் ஒட்டிக்கொண்டது. உதறினார், எண்ணெய் தடவினார். கடைசிக் கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்த பிறகுதான் விட்டது. அடுத்த வாரம் துணைக்கு ஆள் கூட்டிவந்தார், அவர்களும் கழுவினார்கள். கிண்ணம் கழுவாமல் காலிசெய்யச் சொல்ல வேண்டுமென்றால் பிரெஞ்சு படித்தாக வேண்டும். வீம்புக்குக் கடைசிப் பாயில் உட்கார்ந்தார். வேடிக்கை பார்க்க வந்த அவர் மனைவி நாகம்மாளுக்கு அவரைவிட நன்றாக உச்சரிப்பு வந்தது. அதற்குள் வகுப்பு வாசலைத் தாண்டி வேப்பமரம் வரை வளர்ந்துவிட்டது. பாண்டிச்சேரிப் பிள்ளைகளோடு உள்ளூர்ப் பிள்ளைகளும் வந்தார்கள்.

1973-இல் கோதண்டம் எழுந்து நின்று, வீட்டைக் காலிசெய்யும்படி பிழையில்லாத பிரெஞ்சில் சொன்னார். செலின் பாராட்டினாள். பிறகு மொத்த வகுப்பும் அதே பிரெஞ்சில் முடியாது என்றது. கோதண்டம் உட்கார்ந்து ரொட்டியைத் தோய்த்தார். உர மூட்டைகள் அவர் வீட்டுத் தாழ்வாரத்துக்குப் போயின.

குரல் ஏன் வருகிறது என்று தெருவில் யாரும் கேட்பதில்லை. லோகநாதனும் கேட்டதில்லை. ஆஸ்பத்திரியில் கடைசிக் காலை அவளுக்குக் கிண்ணத்தில் காப்பி கொண்டுபோயிருந்தான். இரண்டு வாய் குடித்தாள்.

“போதுங்க,” என்றாள். கொஞ்சம் பொறுத்து, “தமிழ்ல பேசிட்டேனா? கிண்ணத்த அப்படியே வைங்க. நான் வந்து கழுவுறேன்.”